எனக்கு வரவேண்டிய இரண்டு நிமிட முகம்

என்னை முதலில் கெடுத்தவன் வீரணன். என் மனைவி சீனியம்மாளின் தம்பி. எங்கள் வீட்டில் இருந்த ஒரே முகம் பார்க்கும் கண்ணாடியை, தன் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனான். கல்யாணம் முடிந்தது. மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூத்த பெண்ணுக்குச் சடங்கும் நடந்து முடிந்தது. கண்ணாடி வரவில்லை. கேட்டால், "இன்னும் அலங்காரம் முடியலை மாமா" என்பான். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படும். அதனால் பேசாமல் திரும்பி வந்துவிடுவேன்.

இரண்டாவதாகக் கெடுத்தவர் ஊர்த் தலைவர் பெத்தணன். மூன்றாவது சுருளிவேல். இந்த வரிசையை மாற்றிச் சொல்லக்கூடாது. ஒரு தடவை கோபத்தில் சுருளிவேலை முதலில் திட்டிவிட்டேன். "தலைவர்னு நான் ஒருத்தன் இருக்கும்போது அவனை எப்படி முன்னாடி திட்டலாம்" என்று பெத்தணன் எட்டு நாள் என்னோடு பேசவில்லை.

உசிலம்பட்டிக்கு வடக்கே இருக்கும் எங்கள் நெட்டூரணிப்பட்டிக்கு வந்தால் நீங்களே பார்க்கலாம். ஊரில் எல்லா வீட்டுக்கும் கேபிள் வந்து, கேபிளும் போய், இப்போது கூரைக்குக் கூரை ஒரு தட்டு வந்துவிட்டது. சாவடி மாடியில் மட்டும் பழைய ஆண்டெனா ஒன்று மீன்முள் மாதிரி நிற்கிறது. இதை ஏன் இன்னும் கழற்றவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். "முத்திருளாண்டியைக் கேளுங்க" என்று கையைக் காட்டுவார்கள். முத்திருளாண்டி நான்தான். என் பாக்கி தீரும்வரை அந்த ஆண்டெனாவில் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பணப் பாக்கி என்று நினைக்காதீர்கள். முகம். இரண்டு நிமிட முகம்.

அந்தக் காலத்தில் ஊருக்கே ஒரு டிவிதான். சாவடியில் ஒரு மரப்பெட்டி செய்து, அதற்கு இரண்டு கதவு போட்டு, பூட்டுப் போட்டு, அதற்குள் டிவியை வைத்திருந்தோம். சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. வாங்கிய பொருளைத் திருப்பித் தராமல் பத்திரமாக வைத்திருப்பவன் வீரணன்தான் என்று ஊரே சொன்னது. அதற்குச் சாட்சி என் கண்ணாடி. சாவி அவனிடம் போனது.

டிவியோடு டவுனிலிருந்து மெக்கானிக் ஜெபமணி வந்தார். சாவடி மாடியில் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, கம்பியைக் கீழே இழுத்து டிவியில் மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. கிளம்பும்போது எங்களை உட்கார வைத்து நாலு விஷயம் சொன்னார்.

"ஒண்ணு, ஆண்டெனா எப்பவும் கொடைக்கானலைப் பார்த்து இருக்கணும். ரெண்டு, அதுக்கு முன்னாடி எதுவும் மறைக்கக்கூடாது. மூணு, காக்கா உட்காரக்கூடாது, உட்கார்ந்தா அசைஞ்சிரும். நாலு, அசைஞ்சு போச்சுன்னா ஒருத்தர் மேலே ஏறி மெதுவாத் திருப்புங்க. கீழே இருக்கிறவர் 'போதும்'னு சொன்னதும் விட்டுரணும்."

நாலையும் நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டோம். எங்கள் ஊரில் சொன்ன பேச்சை மீறும் ஆள் கிடையாது.

மூன்றாம் நாளே ஒரு காற்று அடித்தது. ஆண்டெனா எந்தப் பக்கமோ திரும்பிக்கொண்டது. டிவியில் படம் போய், வெள்ளையும் கறுப்புமாக ஈ மொய்த்தது. சாவடியில் கூட்டம் போட்டோம்.

"கொடைக்கானலைப் பார்க்கச் சொன்னாரு. கொடைக்கானல் எந்தப் பக்கம்?" என்று பெத்தணன் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. கொடைக்கானலுக்குப் போய்வந்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். எழுந்து நின்றேன்.

"தலைவரே, கொடைக்கானல் போகணும்னா முதல்ல கிழக்கே நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகணும்."

"அப்ப கிழக்கே திருப்பு" என்றார் பெத்தணன்.

சுருளிவேல் மாடியில் ஏறினான். சுருளிவேல் ரொம்ப ஒல்லி. காற்றடித்தால் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஆண்டெனாவுக்கு அதனால் பலமா அவனுக்குப் பலமா என்று தெரியாது. கிழக்கே திருப்பினான். கிழக்கே என் வைக்கோல் படப்பு நின்றது. முன்னால் எதுவும் மறைக்கக்கூடாதே? பத்துப் பேர் சேர்ந்து என் படப்பைப் பிரித்துச் சாவடிக்குத் தெற்கே கட்டினார்கள். படம் வரவில்லை.

"பஸ் ஏறிட்டோம். அடுத்து?" என்றார் பெத்தணன்.

"பஸ் தெற்கே உசிலம்பட்டி போகும் தலைவரே."

தெற்கே திருப்பினார்கள். தெற்கே என் படப்பு நின்றது. பிரித்து வடக்கே கட்டினார்கள்.

"உசிலம்பட்டியிலே வேற பஸ் மாறி, வடக்கே வத்தலக்குண்டு போகணும்" என்றேன்.

"பஸ் மாற எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம் ஆகும்."

அரை மணி நேரம் எல்லோரும் காத்திருந்தோம். பெண்கள் கடலை வறுத்துக் கொண்டுவந்தார்கள். பிறகு வடக்கே திருப்பினார்கள். வடக்கே நின்ற என் படப்பைப் பிரித்து மறுபடி தெற்கே கட்டினார்கள். எந்தச் சாமியும் ஒரே சாயங்காலத்தில் எங்கள் ஊரை அப்படிச் சுற்றியதில்லை.

"வத்தலக்குண்டு வந்தாச்சு" என்று மேலேயிருந்து சுருளிவேல் கத்தினான்.

"இனி மேற்கே மலை. மெதுவாத் திருப்பு."

வடக்கிலிருந்து மேற்கே பாதிதான் திருப்பியிருப்பான். படம் வந்துவிட்டது.

"போதும்!" என்று கீழேயிருந்து வீரணன் கத்தினான்.

போதும் என்று சொன்னதும் விட்டுவிட வேண்டும் என்பது மெக்கானிக் பேச்சு. சுருளிவேல் ஒரு கையால் ஆண்டெனாக் குழாயையும் மறு கையால் மாடியின் கைப்பிடிச் சுவரையும் பிடித்திருந்தான். இரண்டையும் விட்டுவிட்டான். தெற்கே இருந்த என் படப்பின் மேல் வந்து விழுந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. படப்புதான் நசுங்கிப் போனது. எழுந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணே, உங்க படப்பு மறைக்குது" என்பதுதான்.

அவனை மூன்றாவதாக மனதில் குறித்து வைத்தேன்.

படம் வந்துவிட்டதே தவிர நிற்கவில்லை. கீழேயிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. ஆட்கள் இடுப்பில் ஒடிந்து வளைந்து தெரிந்தார்கள்.

"ஏன் வளையுது?" என்றார் பெத்தணன்.

"மலைப்பாதை தலைவரே. கொண்டை ஊசி வளைவு ஏகப்பட்டது இருக்கு. நான் போனப்ப வழியெல்லாம் வாந்தி எடுத்தேன்."

"பாவம், இந்தப் படமும் அந்த வழியாத்தானே இறங்கி வருது" என்றாள் சீனியம்மாள். "ஒரு எலுமிச்சம்பழம் வைங்க."

டிவி தலையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் படம் உருள்வதை நிறுத்தியது. அதிலிருந்து தினமும் ஒரு பழம். ஞாயிற்றுக்கிழமை சினிமாப் படம் போட்டால் தூரம் அதிகம் என்று இரண்டு வைப்போம்.

காக்கா விஷயத்தையும் விடவில்லை. ஆள் போட்டுக் காவல் காத்தோம். ஒரு நாள் ஆண்டெனாவில் மைனாக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து, குழாயே ஒரு பக்கம் சாய்ந்தது. காவலில் இருந்த சுருளிவேல் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, விரட்டுடா!" என்றேன்.

"மைனாண்ணே."

"தெரியுதுடா, விரட்டு."

"மெக்கானிக் காக்கான்னுதான் சொன்னாரு. மைனாவை விரட்டி, அது போய் ஏதாவது சொல்லி, நாளைக்கு ஒரு கேள்வி வந்தா யார் பதில் சொல்றது?"

பெத்தணனிடம் போனோம். மெக்கானிக் சொன்னதற்கு மேல் ஒரு பறவையைக்கூட விரட்ட ஊருக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பானது.

இன்னொரு நாள் நாடகத்தின் நடுவில் படம் நின்று, எழுத்து வந்தது. ஊரில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் பெத்தணன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று வாசித்தார்.

"யாரு வருந்துறா?" என்றான் வீரணன்.

"பேர் போடலை."

"பேரே போட முடியாத அளவுக்கு வருந்துறாங்கன்னா பெரிய துக்கமாத்தான் இருக்கணும்."

ஆண்கள் எல்லோரும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டோம். யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் எப்படி ஒப்பாரி வைப்பது என்று சீனியம்மாள் முதலில் தயங்கினாள். பிறகு பொதுவாக ஒரு பாட்டம் அழுதாள். அவள் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் எழுத்து மறைந்து, மறுபடி நாடகத்தில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள். அந்த டிவிக்காரர்கள் மேல் அவளுக்கு இன்றைக்கும் மரியாதை கிடையாது.

இப்போது என் முகத்துக்கு வருகிறேன்.

என் கத்தரித் தோட்டம் அந்த வருடம் நன்றாகக் காய்த்தது. மற்றவர்கள் செடியில் எல்லாம் பூச்சி. என் செடியில் பூச்சி இல்லை. யார் சொல்லிக் கேள்விப்பட்டார்களோ, டிவியில் விவசாய நிகழ்ச்சி எடுப்பவர்கள் ஜீப் போட்டு எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள். என்னைச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "எங்களைப் பார்க்காதீங்க, செடியைப் பார்த்துப் பேசுங்க" என்றார்கள். செடியைப் பார்த்து மூன்று விஷயம் சொன்னேன். கத்தரிக்குச் சாம்பல் தூவ வேண்டும். விடிகாலையில், இலையில் பனி இருக்கும்போதே தூவ வேண்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தூவ வேண்டும்.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்கய்யா. அடுத்த செவ்வாய் சாயங்காலம் ஆறரைக்கு நீங்க டிவியில வருவீங்க. ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடி போய்ப் பதினைந்து வருடம். என் முகம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. சவரம் செய்பவரிடம் ஒரு கண்ணாடி உண்டு. உள்ளங்கை அகலம். அதில் ஒரு தடவைக்கு ஒரு கன்னம்தான் தெரியும். இந்தக் கன்னத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கன்னத்துக்குப் போவதற்குள் முதல் கன்னம் ஞாபகத்தில் இருக்காது. மூக்கை இரண்டுக்கும் நடுவில் எங்கே வைப்பது என்று குழம்பிப் போவேன். ஊரணித் தண்ணீரில் பார்க்கலாம் என்று குனிந்தால் எருமை வந்து கலக்கிவிடும். முழு முகத்தையும் ஒரே சமயத்தில் பார்க்கப் போகிறேன். அதுவும் வீரணன் தயவு இல்லாமல்.

திங்கட்கிழமை சாயங்காலம் பெத்தணன் கூட்டம் போட்டார்.

"முத்திருளு நாளைக்கு டிவியில வர்றான். சந்தோஷம். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். அவன் நம்மளோட உட்கார்ந்து பார்க்கிறதாச் சொல்றான். செய்தி வாசிக்கிற அம்மா தினமும் வருதே, அது ஒரு நாளாவது நம்ம சாவடியில உட்கார்ந்து செய்தி பார்த்திருக்கா?"

"இல்லை" என்றது கூட்டம்.

"நாடகத்துல நடிக்கிறவங்க?"

"இல்லை."

"ஏன் வரலை? உள்ளே இருக்கிறவங்க வெளியே இருக்க முடியாது. முத்திருளு இங்கே உட்கார்ந்துட்டா அங்கே யாரு வருவா?"

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது.

"அப்ப நான் என்ன செய்யணும் தலைவரே?" என்றேன்.

"கொடைக்கானலுக்குப் போயிரு. அங்கேயிருந்துதானே எல்லாரும் வர்றாங்க."

"கடைசி பஸ் போயிருச்சு. நாளைக்குக் காலையில போனாலும் அந்த வளைவுல வாந்தி எடுத்து, முகமெல்லாம் வெளுத்துப் போய் வருவேன்."

வீரணன் எழுந்தான். "மாமா அவ்வளவு தூரம் போவானேன்? யாரா இருந்தாலும் கடைசியில நம்ம ஆண்டெனா வழியாத்தான் இறங்கணும். மாமா நேரா ஆண்டெனாகிட்டயே போய் நின்னுட்டா, கம்பி வழியாச் சட்டுனு இறங்கிரலாம்ல?"

கூட்டமே கை தட்டியது. நானும் தட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

செவ்வாய்க்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சலவை வேட்டி கட்டி, ஆறு மணிக்கெல்லாம் மாடி ஏறிவிட்டேன். வீரணன் ஆண்டெனாக் குழாயை என் கையில் பிடித்துக் கொடுத்தான்.

"மாப்ளே, உள்ளே போயிட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கூசும் மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று விஷயத்தையும் சொல்லிப் பார்த்தேன். சாம்பல், விடிகாலை, முதுகு. கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டிவியின் சத்தம் கேட்டது. யாரோ உரத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்த நேரம் பார்த்து என் தொடையில் சுருக்கென்று கூசியது. உள்ளே போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவை கூசியபோது தூக்கிவாரிப் போட்டது. கட்டெறும்பு. வேட்டிக்குள் ஒரு படையே இருந்தது.

"வந்துட்டாரு! மாமா வந்துட்டாரு!" என்று கீழே வீரணன் கத்தினான்.

சாவடி அதிர்ந்தது. விசில் பறந்தது. ஒரு காலால் மற்றொரு காலைத் தேய்த்துக்கொண்டே, "எப்படி இருக்கேன்?" என்று கத்தினேன்.

"ஆடாதீங்க மாமா! நீங்க ஆடினா நீங்க கலையுறீங்க!"

"நான் பார்க்கணும்டா! இறங்கி வர்றேன்!"

"இறங்காதே!" என்று பெத்தணன் குரல். "இறங்கினா போயிருவே!"

நான் என்ன செய்ய முடியும்? இறங்கினால் முகம் போய்விடும். இறங்காவிட்டால் முகம் தெரியாது. கீழே என் குரல் எனக்கே கேட்டது. "காத்துக்கு முதுகைக் காட்டி" என்று நான் சொன்னேன். மேலே எறும்பு கடிக்கக் கடிக்க அசையாமல் நின்றேன். பிறகு ஏதோ டிராக்டர் ஓடும் சத்தம் வந்தது.

"போதும்!" என்று வீரணன் கத்தினான்.

நான் சுருளிவேல் இல்லை. குழாயை மட்டும் விட்டேன்.

படி இறங்கிச் சாவடிக்குள் ஓடினேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"எப்படி இருந்தேன் சீனி?"

"ரெண்டாவது பொத்தான் போடலை" என்றாள்.

"முகம் எப்படி இருந்துச்சு?"

"பொத்தானைப் பார்க்கவே நேரம் சரியாப் போச்சு."

பெத்தணனிடம் போனேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா முத்திருளு, இத்தனை வருஷம் ஒண்ணாப் பழகி, ஊரே உன்னைப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கு. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தியா? செடியையே பார்த்துக்கிட்டிருந்தே. நான் வணக்கம் சொன்னேன். தலைவர்னுகூட மதிக்கலை."

"நான் கையை ஆட்டிக்கிட்டே இருந்தேண்ணே" என்றான் சுருளிவேல். அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது. "யாரோ மாதிரி இருந்துட்டீங்க."

"நான் மாடியிலதானடா இருந்தேன்!"

"அங்கே இருந்தது அப்ப யாரு?" என்றான் வீரணன்.

ஊரே பார்த்த முகத்தை நான் ஒருவன் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கும் அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மறுநாளே கூட்டம் கூட்டச் சொல்லி, என் முகம் எனக்கு வேண்டும் என்று கேட்டேன்.

ஒரு வாரம் விவாதம் நடந்தது. என்னை மாடிக்கு அனுப்பியது ஊர் என்பதால், என் இரண்டு நிமிட முகத்தை ஊர்தான் திருப்பித் தர வேண்டும் என்று பெத்தணன் ஒத்துக்கொண்டார். எப்படித் தருவது என்றுதான் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் டிவி பழுதாகிவிட்டது. ஜெபமணி வந்து டிவியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார். சாவடியில் வெறும் மரப்பெட்டி மட்டும் நின்றது.

"வழி கிடைச்சிருச்சு" என்றான் வீரணன். "பெட்டி இருக்கு, கம்பி இருக்கு, ஆண்டெனா இருக்கு. மாமாவும் இருக்காரு. டிவிதான் இல்லை. அது எதுக்கு?"

செவ்வாய் சாயங்காலம் ஆறரைக்கு என்னைப் பெட்டிக்குள் உட்கார வைத்தார்கள். ஆண்டெனாக் கம்பியின் முனையை என் அரைஞாண் கயிற்றில் கட்டினார்கள். தலையில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எதிரே ஒரு கத்தரிச் செடியைத் தொட்டியில் வைத்தார்கள். வீரணன் கதவைத் திறந்தான். செடியைப் பார்த்து மூன்று விஷயத்தையும் சொன்னேன். பழம் விழவில்லை. இரண்டாவது பொத்தானும் போட்டிருந்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"அன்னிக்கைவிட இன்னிக்குப் பளிச்சுனு இருந்துச்சு" என்றார் பெத்தணன். "கலரு வேற. பாக்கி தீர்ந்துச்சா?"

"நான் எங்கே பார்த்தேன்?" என்றேன்.

எல்லோரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடடா" என்றான் வீரணன். "மாமா உள்ளேதானே இருந்தாரு."

"இப்ப ரெண்டு தடவை பாக்கி" என்றேன்.

மறுநாள் காலையில் சுருளிவேல் தானாக என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, உங்க படப்பு மேல விழுந்ததுல இருந்து எனக்கு உறுத்தலாவே இருக்கு. நீங்க வெளியே உட்கார்ந்து பாருங்க. உள்ளே நான் நீங்களா இருக்கேன்" என்றான்.

மனது இளகிவிட்டது. என் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டேன். என் துண்டைக் கட்டிவிட்டேன். மூன்று விஷயத்தையும் சொல்லிக் கொடுத்தேன்.

"அவன் இம்புட்டு ஒல்லி, நீங்க அம்புட்டு குண்டு. எப்படிச் சரியா வரும்?" என்றாள் சீனியம்மாள்.

"அந்த மலையெல்லாம் இறங்கி வரும்போது யாரும் கொஞ்சம் இளைக்கத்தான் செய்வாங்க" என்றார் பெத்தணன். போய்வந்தவன் என்பதால் அது நிஜம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த செவ்வாய், ஆறரை மணி. என்னை முன்வரிசையில் நடுவில் உட்கார வைத்தார்கள். வீரணன் பூட்டைத் திறந்தான். இரண்டு கதவும் விரிந்தன.

நான் தெரிந்தேன்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு என்னை முழுதாகப் பார்க்கிறேன். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. சட்டைக்குள் ஆளையே காணோம்.

"சீனி, இத்தனை வருஷமா எனக்கு என்னத்த ஆக்கிப் போட்டே?" என்றேன்.

"மூணு வேளையும் தின்னுட்டுப் பேச்சைப் பாரு" என்றாள்.

நான் செடியைப் பார்த்துப் பேசினேன். சாம்பல் தூவணும் என்றேன். விடிகாலையில் தூவணும் என்றேன். அதோடு நின்றுவிட்டேன். மூன்றாவது விஷயம் மறந்துபோனது. உதட்டை நனைத்துக்கொண்டு செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதுகு!" என்று முன்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "காத்துக்கு முதுகு! சொல்லுய்யா!"

நான் நிமிரவில்லை.

"ஏய், முத்திருளாண்டி! இங்கே பாரு! நான்தான்!"

எழுந்து நின்று கையை ஆட்டினேன். துண்டை எடுத்து வீசினேன். என் பெயரைச் சொல்லி, என் அப்பா பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது. வீரணன் கதவைச் சாத்தினான்.

பெத்தணன் என் தோளில் கை வைத்தார். "நாங்க அன்னிக்கே சொன்னோம்ல? நம்ப மாட்டேன்னுட்டே."

உண்மைதான். பெட்டிக்குள் போய்விட்டால் நான் யாரையும் மதிப்பதில்லை.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லாமல் போன முகத்தை முழு முகமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அன்றைக்கே கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அதனால் பாக்கி அப்படியே நிற்கிறது. ஆண்டெனாவும் நிற்கிறது. என்னைக் கெடுத்தவர்கள் வரிசையில் நான்காவதாக முத்திருளாண்டியையும் சேர்த்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. கண்ணாடி மட்டும் கைக்கு வந்தால், அவனை நேருக்கு நேர் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டுவிடுவேன்.

வீரணனுக்குத்தான் இன்னும் அலங்காரம் முடியவில்லை.